மாருத் மேல் சுமத்திய பழி

இந்தியா சொந்தமாகப் போர்விமானம் செய்வதைப் பற்றிப் பேச்செடுத்தால், அதை ஒரே பெயரால் அடக்கிவிடும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. "மாருத் என்ன ஆச்சு, பார்த்தீர்களா?" என்பார்கள். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தை மனத்தில் வைத்து வரைந்த விமானம், நேர்பறப்பில் ஒலிவேகத்தையே தாண்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் செய்த சோதனை விமானம் விழுந்து, நாட்டின் தலைசிறந்த சோதனை விமானியைக் கொன்றது. அடுத்து வரைந்த எச்.எஃப்-73 காகிதத்தை விட்டு எழவே இல்லை. கடைசியில் ஜாகுவாரை வாங்கித்தான் விமானப்படையின் வேலை நடந்தது. ஆகவே உற்பத்திக்கு வராத சோதனைகளில் பணத்தைக் கொட்டாமல், நன்றாகச் செய்யத் தெரிந்தவனிடம் வாங்கிக்கொள்வதே விவேகம் என்று முடிப்பார்கள்.

இந்த வாதத்தில் அடுக்கப்படும் நிகழ்ச்சிகள் உண்மையானவை. அவற்றிலிருந்து இழுக்கப்படும் முடிவுதான் தவறு. அந்தத் தவறான முடிவு இன்றும் நாட்டின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைச்சாவடியில் வசிக்கும் எனக்கு இந்த வாதம் இரண்டு பக்கத்திலிருந்தும் காதில் விழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மீனவ ஊர் இது. பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அங்கே இயந்திரவியல் படிக்கிற பிள்ளைகள் டீக்கடையில் பேசும்போது, "இதெல்லாம் நமக்கு வராது சார்" என்று முடித்துக்கொள்கிறார்கள். இருபது வயதில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்வதைக் கேட்க மனம் பொறுக்கவில்லை. இன்னொரு பக்கம் நகரத்துச் சொல்தா குடும்பங்களின் பெரியவர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளில் பிரெஞ்சு ஆயுதங்கள் மேல் ஒரு மதிப்பு இருக்கும். அந்த மதிப்பு நியாயமானதுதான். ஆனால் ரஃபேலைக் காட்டி "செய்தால் இப்படிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று அவர்கள் சொல்லும்போது, அந்த ரஃபேல் எத்தனை சோதனைகளின் மேல் நிற்கிறது என்பது மறந்துபோகிறது. பிரான்சை உதாரணம் காட்டுகிறவர்களுக்குப் பிரான்சை வைத்தே பதில் சொல்லலாம். முதலில் மாருத்தின் கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டேங்க். போருக்குப் பின் அர்ஜென்டினா போய் அங்கே ஜெட் விமானம் செய்தார். அங்கே பெரோன் ஆட்சி கவிழ்ந்தபின் 1956-இல் ஒரு ஜெர்மன் குழுவோடு இந்தியா வந்தார். அரசின் விமானத் தொழிற்சாலையான பெங்களூர் எச்.ஏ.எல்லில் இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து எச்.எஃப்-24 மாருத் என்ற விமானத்தை வரைந்தார். 1959-இல் அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் முதல் மூலப்படிவத்தைப் பறக்கவிட்டார். விமானம் செய்த அனுபவம் மிகக் குறைவாக இருந்த நாட்டில், வேலை தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் ஒரு ஜெட் போர்விமானம் எழுந்தது. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவர்கள், அதே காலத்தில் வேறெந்த ஆசிய நாடு இதைச் செய்தது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த விமானத்தை பிரிட்டனின் பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் 12 என்ற இன்ஜினை மனத்தில் வைத்துத்தான் வரைந்தார்கள். ஆஃப்டர்பர்னர் பொருத்திய இன்ஜின் அது. டர்பைனைத் தாண்டி வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைப் பாய்ச்சி எரித்து, கூடுதல் உந்துவிசை எடுக்கும் ஏற்பாட்டுக்கு ஆஃப்டர்பர்னர் என்று பெயர். ஒலிவேகத்தைத் தாண்ட அந்தக் காலத்தில் அதுவே வழக்கமான வழி. நேட்டோ நாடுகள் அந்த இன்ஜினில் அக்கறை இழந்தன. மீதி வேலையை முடிப்பதற்கான செலவை இந்தியா ஏற்றால் தொடரலாம் என்ற நிலை வந்தது. இந்திய அரசு ஏற்கவில்லை. இன்ஜின் அதோடு நின்றுபோனது. நாட் (Gnat) என்ற இலகு போர்விமானத்துக்காக பெங்களூரில் உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த, ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 தான் மாருத்துக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை தரும் இரண்டு இன்ஜின்கள்.

அதன்பின் சோவியத் ஆர்டி-9 இன்ஜினைப் பரிசீலித்தார்கள், ஒத்துவரவில்லை. எகிப்தில் ஆஸ்திரியர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் செய்துகொண்டிருந்த இ-300 இன்ஜினுக்காக ஒரு மாருத்தையே அங்கே அனுப்பினார்கள். 1967-இல் அது அங்கே பறக்கவும் செய்தது. எகிப்து அந்தத் திட்டத்தைக் கைவிட, அதுவும் போனது. ஊர் ஊராக இன்ஜின் தேடிய இந்தப் பத்து ஆண்டுகளைப் படிக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. தேடி அலைந்த அதே பத்து ஆண்டுகளைச் செய்வதில் கழித்திருக்கலாம்.

எங்கள் ஊர்க் கரையில் ஃபைபர் படகு அலையைத் தாண்ட முடியாமல் திணறினால், முதலில் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். படகு கட்டியவருக்குக் கட்டத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. மாருத்தின் விஷயத்தில் மட்டும் இன்ஜினின் குறை விமானத்தின் குறையாக, விமானத்தின் குறை பொறியாளரின் குறையாக, பொறியாளரின் குறை நாட்டின் குறையாக மாறிவிட்டது. மாருத்துக்குச் சொந்தக் குறைகளும் இருந்தன. நான்கு 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகளையும் சேர்த்துச் சுட்டால் தொல்லை வந்தது. பராமரிப்பும் எளிதாக இல்லை. புதிதாக வந்த எந்தப் போர்விமானத்திலும் இப்படிப்பட்டவை இருக்கும், தொடர்ந்து வேலை செய்தால் தீரும். உந்துவிசைப் பற்றாக்குறை அப்படித் தீராது.

குறையுள்ள அந்த இன்ஜினோடும் மாருத் என்ன செய்தது என்பதைப் பழிப்பவர்கள் சொல்வதில்லை. 1967-இல் 10-ஆம் படைப்பிரிவில் சேர்ந்த மாருத்தை விமானப்படை தரைத்தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. எதிரியின் டாங்கிகள், ரயில்கள், படைத்திரள்கள் மேல் தாழப் பறந்து தாக்கும் வேலை அது. அந்த வேலைக்கு ஒலியின் இருமடங்கு வேகம் தேவையில்லை. தரையை ஒட்டிப் பறக்கும்போது விமானம் ஆடாமல் நிற்க வேண்டும். அடிபட்டாலும் ஊர் திரும்ப வேண்டும். விமானிகள் மாருத்தில் மெச்சியது இவற்றைத்தான். 1971 டிசம்பர்ப் போரில் 10, 220 ஆகிய இரண்டு படைப்பிரிவுகளின் மாருத்துகள் ராஜஸ்தானிலிருந்து பறந்து, சிந்துப் பாலைவனத்தில் நயா சோர் வரை போய்த் தாக்கின. வான்சண்டையில் ஒரு மாருத்தைக்கூட இந்தியா இழக்கவில்லை. தரையிலிருந்து சுட்டதில் சில வீழ்ந்தன, அது தரைத்தாக்குதல் விமானம் எதற்கும் உள்ள ஆபத்து. ஒரு இன்ஜினை இழந்த மாருத்துகள் மற்றொரு இன்ஜினோடு தளத்துக்குத் திரும்பிய நிகழ்ச்சிகள் உண்டு. எதிரி மண்ணுக்குள் வெகுதூரம் போய் அப்படி ஒற்றை இன்ஜினோடு திரும்பிய விமானியின் வீட்டில் போய், மாருத் தோற்ற விமானம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 மாருத்துகளை எச்.ஏ.எல் செய்தது.

இனி உற்பத்திக்கு வராத விமானத்துக்கு வருகிறேன். வெளியே இன்ஜின் கிடைக்காத நிலையில், பெங்களூரிலிருந்த வாயு டர்பைன் ஆய்வு நிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. கையில் இருக்கும் ஆர்ஃபியஸ் 703-க்கு நாமே ஆஃப்டர்பர்னர் செய்து பொருத்துவோம். அப்படிப் பிறந்ததுதான் மாருத் 1ஆர். இந்திய இன்ஜின் பொறியாளர்கள் தங்கள் கையால் ஒரு போர்விமானத்தின் உந்துவிசையைக் கூட்ட எடுத்த முதல் பெரிய முயற்சி இது. உந்துவிசை கூடியது. ஆனால் ஆஃப்டர்பர்னருக்கு இடம் கொடுக்க விமானத்தின் பின்பகுதியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதனால் காற்றின் இழுவையும் கூடி, பெற்ற பலனைத் தின்றது. 1970 ஜனவரி 10 அன்று 1ஆர் பெங்களூரில் எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து, குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் இறந்தார். முதல் மாருத்தையும் முதல் கிரண் பயிற்சி விமானத்தையும் பறக்கவிட்டவர் அவர். பெங்களூரில் பழைய மதராஸ் சாலையிலிருந்து எச்.ஏ.எல் பக்கம் போகும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். 1ஆர் அதன்பின் உற்பத்திக்கு வரவே இல்லை.

பழிப்பவர்கள் இந்த இடத்தில்தான் "பார்த்தீர்களா?" என்பார்கள். நான் இந்த இடத்தில்தான் அவர்களோடு அடியோடு மாறுபடுகிறேன்.

அந்தச் சோதனை நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? ஆஃப்டர்பர்னரில் தீயை நிலையாக நிறுத்துவது எப்படி, வெளியேறும் குழாயின் வாயை எந்த அளவுக்கு விரிப்பது, விமானத்தின் பின்பகுதியை எப்படி வடித்தால் இழுவை குறையும் என்பவையெல்லாம் புத்தகத்தில் முழுதாகக் கிடைக்காத அறிவு. இன்ஜினை ஓட்டி, சுட்டு, உடைத்து, மறுபடி செய்து பெறும் அறிவு. 1ஆர் அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம். ஒரு விபத்தும் ஒரு இழுவைக் கணக்கும் அந்தப் புத்தகத்தை மூடப் போதுமான காரணங்கள் என்று நாடு முடிவெடுத்தது. தோல்வி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அந்த முடிவைச் சொல்லுங்கள்.

பிரான்ஸ் என்ன செய்தது என்று இப்போது பாருங்கள். 1950-களின் நடுவில் நேட்டோ ஒரு இலகுவான தரைத்தாக்குதல் விமானத்துக்குப் போட்டி வைத்தது. பிரெகே நிறுவனம் தாவோன் என்ற விமானத்தைச் செய்தது. அதன் இன்ஜினும் நம் மாருத்தின் ஆர்ஃபியஸ் குடும்பம்தான். 1957-இல் பறந்த தாவோன், அடுத்த ஆண்டே ஆயிரம் கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் உலக வேகச் சாதனை செய்தது. ஆனால் நேட்டோ தேர்ந்தெடுத்தது இத்தாலியின் ஃபியட் ஜி-91 விமானத்தை. தாவோன் இரண்டே மூலப்படிவங்களோடு நின்றது. உற்பத்திக்கு வரவில்லை. நம் ஊர் வாதப்படி அது வீண் செலவு, பிரெகே கடையை மூடியிருக்க வேண்டும்.

பிரெகே மூடவில்லை. தாவோனில் கற்றதை எடுத்துக்கொண்டு பி.ஆர்-121 என்ற வடிவத்தை வரைந்தது. பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஒரு தாக்குதல் விமானம் செய்ய முன்வந்தபோது அந்த வடிவமே அடித்தளமானது. அதுதான் 1968-இல் பறந்த ஜாகுவார். 1978-இல் இந்தியா தேர்ந்தெடுத்ததும் அந்த ஜாகுவாரைத்தான். உற்பத்திக்கு வராத ஒரு பிரெஞ்சுச் சோதனை விமானத்தின் வழிவந்த விமானத்தை வாங்கிவிட்டு, உற்பத்திக்கு வராத நம் சோதனை விமானத்தை வீண் என்கிறோம்.

இன்ஜின் விஷயத்தில் பிரான்சின் கதை இன்னும் நெருக்கமானது. போர் முடிந்ததும் பி.எம்.டபிள்யூவின் இன்ஜின் பொறியாளர் ஹெர்மன் ஊஸ்ட்ரிக்கையும் அவருடைய குழுவையும் பிரான்ஸ் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் குழு வடித்த ஆத்தார் இன்ஜின் 1948-இல் முதன்முதலில் ஓடியது. ஆரம்பத்தில் அது பிரிட்டிஷ் இன்ஜின்களுக்கு ஈடாக இல்லை. அதனால் பிரான்ஸ் தன் ஊரகான் விமானத்துக்கு பிரிட்டிஷ் நீன் இன்ஜினை உரிமத்தில் செய்து பொருத்தியது. அந்த ஊரகான்தான் 1953-இல் நாம் வாங்கித் தூஃபானி என்று பெயரிட்ட விமானம். அடுத்து வந்த மிஸ்டேர் 4-லும் பிரிட்டிஷ் வழி இன்ஜின்தான். ஆனால் வாங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் ஆத்தாருக்கான பணத்தையும் பொறுமையையும் பிரான்ஸ் நிறுத்தவில்லை. ஆத்தார் சூப்பர் மிஸ்டேரைத் தூக்கியது, மிராஜ் 3-ஐ ஒலியின் இருமடங்கு வேகத்துக்குக் கொண்டுபோனது. ஆத்தாரைச் செய்த நிறுவனத்தின் அடுத்த இன்ஜின் எம்-53, நாம் வாங்கிய மிராஜ் 2000-இல் இருக்கிறது. அதற்கடுத்த எம்-88, நாம் 2016-இல் ஒப்பந்தம் போட்ட 36 ரஃபேல்களில் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து விமானம் வரைகிறவரை நாம் அழைத்துவந்தோம். அவர்கள் இன்ஜின் செய்கிறவரை அழைத்துப் போனார்கள், இருபது ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். ரஃபேலை மெச்சும் நம் ஊர்ப் பெரியவர்கள் மெச்ச வேண்டியது அந்த விடாப்பிடியைத்தான்.

"1962 சீனப் போருக்குப் பிறகு நமக்கு அவசரம் இருந்தது, சோதனைக்கு நேரம் ஏது?" என்ற கேள்விக்கு எடை உண்டு. அவசரத்துக்கு மிக்-21 வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரம் தீர்ந்த பிறகும் நாம் செய்தது என்ன? ஆர்ஃபியஸை பெங்களூரில் உரிமத்தில் செய்தோம். மிக் இன்ஜின்களை ஒடிசாவின் கோராபுட்டில் செய்தோம். ஜாகுவாரின் அடூர் இன்ஜினை பெங்களூரில் செய்தோம். சுகோயின் இன்ஜினை மறுபடி கோராபுட்டில் செய்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உலகத் தரத்தில் இன்ஜின் கடைந்திருக்கிறார்கள். கொடுத்த வரைபடத்தின்படி ஒரு டர்பைன் இதழைச் செய்வது ஒரு திறமை. அந்த இதழ் ஏன் அந்த வளைவில், அந்த உலோகத்தில், அந்தக் குளிர்த்துளைகளோடு இருக்கிறது என்று அறிவது வேறு திறமை. உரிமம் முதலாவதைத் தரும். இரண்டாவதை எந்த நாடும் விற்பதில்லை, சொந்தச் சோதனையில்தான் அது வரும்.

வாங்கினால் தலைவலி தீரும் என்பதும் உண்மை இல்லை. ஜாகுவாருக்கே இன்ஜின் பற்றவில்லை. வெப்பமான நாளில், முழுச் சுமையோடு பறக்கக் கூடுதல் விசை வேண்டுமென்று விமானப்படை அமெரிக்காவின் ஹனிவெல் இன்ஜினைப் பொருத்த ஆண்டுக்கணக்காக முயன்று, விலை கட்டாமல் 2019-இல் கைவிட்டது. உலகில் வேறெந்த விமானப்படையும் இன்று ஜாகுவாரைப் பறக்கவிடவில்லை. மாருத்தைப் பற்றிச் சொன்ன அதே குறை, வாங்கிய விமானத்திலும் வந்து நிற்கிறது.

பழிப்பவர்களுக்கு எதிர்முகாமில் இருந்து வரும் ஒரு ஆறுதலையும் நான் ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் சதி செய்து மாருத்தைக் கொன்றான் என்கிறார்கள். பிரிட்டன் தன் கணக்கைப் பார்த்தது, எகிப்து தன் கணக்கைப் பார்த்தது. நம் கணக்கைப் பார்க்க வேண்டியவர்கள் புது தில்லியில் இருந்தார்கள்.

சோதனையும் மாணவனும் எப்படிச் சேர்வார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அப்துல் கலாமுக்கும் நான்கு நண்பர்களுக்கும் கொடுத்த வேலை, தாழப் பறந்து தாக்கும் ஒரு விமானத்தை வடிவமைப்பது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. வேலை திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் கடிந்து, மூன்று நாளில் முடிக்கக் கெடு வைத்ததைக் கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த விமானம் பறக்கவில்லை, பறப்பதற்காக வரையப்பட்டதும் இல்லை. அதை வரைந்த கை பிறகு எதையெல்லாம் வரைந்தது என்று நமக்குத் தெரியும். மாணவனின் தாளுக்கு நாம் கொடுக்கும் இந்த நியாயத்தை, ஆய்வகத்தின் சோதனை விமானத்துக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

1ஆர் நின்றபின் என்ன ஆனது என்பதைக் காவேரி இன்ஜின் சொல்கிறது. நம் சொந்தப் போர்விமானமான தேஜஸுக்காக 1989-இல் தொடங்கிய காவேரித் திட்டம் 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. நடுவில் கழிந்த ஆண்டுகளில் நம் பொறியாளர்கள் எதில் தடுமாறினார்கள் என்று பாருங்கள். அதிக வெப்பம் தாங்கும் டர்பைன் பகுதி, ஆஃப்டர்பர்னர், உயரத்தில் சோதித்துப் பார்க்கும் வசதி. 2010-இல் காவேரியைப் பறந்து சோதிக்க ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், அவர்களுடைய இல்யூஷின்-76 விமானத்தில் பொருத்த வேண்டியிருந்தது. 1970-இல் மூடிய புத்தகத்தை இருபது ஆண்டு கழித்து முதல் பக்கத்திலிருந்து திறந்தால் வேறென்ன நடக்கும்? தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்காவின் ஜி.இ நிறுவனம் அதற்கான முதல் இன்ஜினைக் கொடுத்தது 2025 மார்ச்சில். அதுவரை விமானங்கள் இன்ஜினுக்குக் காத்திருந்தன. 1960-களில் மாருத் நின்ற அதே வாசலில் தேஜஸ் நிற்கிறது. வாங்குவதே விவேகம் என்ற வாதத்தின் விலை இதுதான்.

எனவே இரண்டு கோரிக்கைகள். மாருத் 1ஆர், காவேரி ஆகியவற்றின் சோதனைப் பதிவுகளில் இரகசியம் காக்கத் தேவையில்லாத எல்லாவற்றையும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பாடமாகத் தரட்டும். விழுந்த விமானத்தின் கணக்கைப் படித்தவன்தான் விழாத விமானத்தைச் செய்வான். மற்றது, இன்ஜினைச் சுமந்து பறந்து சோதிக்கும் ஒரு விமானம் இந்திய மண்ணில் எப்போது நிற்கும் என்று புதுச்சேரியின் மக்களவை உறுப்பினர் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கட்டும், தேதியோடு பதில் வாங்கட்டும்.